சாமிக்குக் கோபம் வராத மாதத்தில் சூடான சாக்லேட்

டீ கேட்டு வந்தவரை வேறொன்று குடிக்கவைப்பதைப் போலச் சிரமமான வியாபாரம் கிடையாது. கடை வைத்திருப்பவர்களும், கடை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவர்களும் ஒப்புக்கொள்வீர்கள். எங்கள் கடை புதுவாயல் கூட்டுரோட்டில், கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும் இடத்தில் இருக்கிறது. டீ போடுவது என் வீட்டுக்காரர். கிளாஸ் கழுவுவதும் கல்லாவில் நிற்பதும் நான். அங்கே எனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும், பனிக்காலத்தில் அதில் சூடாக சாக்லேட் காய்ச்சி விற்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பேச்சை எடுத்தாலே மனுஷன் எரிந்து விழுவார்.

அதனால் கார்த்திகை பிறக்கக் காத்திருந்தேன். சபரிமலைக்கு மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, பெண்டாட்டி உட்பட எல்லோரும் அவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் மாலை போட்ட மறுநாளே இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்து, “சாமி, கோச்சிக்காதீங்க” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “சாமியே சரணம் ஐயப்பா!” என்று மெயின்ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்கு எவ்வளவு கோபம் என்பதை அந்தச் சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தை மாசம் மலைக்குப் போயி வந்து மாலைய கழட்டுவேன் இல்ல? அன்னிக்கி அந்த அடுப்புல போண்டா வாணலி ஏறும்.”

பால் சாக்லேட்

கோக்கோ பவுடரை முதலில் கொஞ்சம் வெந்நீரில் சர்க்கரையோடு குழைத்துக்கொண்டு, அப்புறம்தான் பாலில் சேர்க்க வேண்டும். இது எனக்கு இரண்டாவது நாள் தெரிந்தது. முதல் நாள் கொதிக்கிற பாலில் நேராகக் கொட்டிவிட்டேன். குரங்குக் குல்லா போட்ட செக்யூரிட்டி அண்ணன்தான் போணி. குடிப்பார், நிறுத்துவார், மெல்லுவார், மறுபடி குடிப்பார். டீ அடுப்புப் பக்கம் சரணம் எதுவும் கேட்கவில்லை. சாமி ஆனந்தமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி கிளாஸை வைத்துவிட்டு செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்: “பிஸ்கெட்ட நாங்களா தொட்டு சாப்புடுவோம்மா. நீ உள்ளயே போட்டு குடுத்துட்ட.”

பார்சல் சாக்லேட்

கட்டி பிரச்சினை தீர்ந்ததும், சாக்லேட் கெட்டியாக இருந்தால் மதிப்பாக இருக்குமே என்று சோள மாவு கரைத்து ஊற்றினேன். வெல்டர் ஏசுதாஸ் ஒரு கவரில் கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அவருக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததை வெயில் ஏறினதும் பார்த்தேன். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. எனக்குப் பகீரென்றது.

மறுநாள் காலை அவர் பஸ் ஏற வருவதைப் பார்த்து பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏசுதாஸ் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “இன்னாக்கா ஒளிஞ்சிகினு கீற? நேத்து குடுத்தியே ஒரு அல்வா, அத எங்க செட்டே கேக்குது.”

சுக்கு சாக்லேட்

ஆனாலும் வியாபாரம் படுத்துத்தான் கிடந்தது. மார்கழியில் எங்கள் பக்கம் பாதி ஆம்பளைகள் மாலை போட்டவர்கள். சாக்லேட் கேக்கில் முட்டை இருக்கிறதே, அதனால் சாக்லேட் என்றாலே முட்டைதான் என்று என் வீட்டுக்காரரிடம் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு சொட்டு தொடமாட்டார். வருகிற சாமிகள் எல்லாம், “சாமி, நீங்க குடிப்பீங்களா?” என்று அவரைத்தான் கேட்பார்கள். பொய் சொல்லக் கூடாதே! “நான் குடிக்கறதில்ல சாமி” என்பார். அத்தோடு என் பக்கம் ஈ ஆடும்.

ஒருநாள் அவருடைய குருசாமியே கடைக்கு வந்தார், சளியும் இருமலுமாக. புதுப் பாத்திரம் எடுத்து, பனைவெல்லமும் தட்டின சுக்கும் போட்டு, கோக்கோ குழைத்து, அவர் கண்ணெதிரேயே பால் ஊற்றிக் காய்ச்சினேன். “முட்டையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சுக்கு கஷாயத்துக்கு சட்டை மாட்டி வுட்ருக்குது இந்தப் பொண்ணு” என்று சொல்லி இன்னொரு கிளாஸ் கேட்டார். அன்றிலிருந்து சாமிகள் கூட்டம் என் அடுப்புப் பக்கம்தான். என் சாமி மட்டும் அப்போதும் குடிக்கவில்லை. குருசாமியே குடித்துவிட்டாரே, உங்களுக்கு என்ன என்று கேட்டேன்.

பொய் சொல்ல முடியாத மனுஷன் உண்மையைச் சொன்னார்: “இப்ப குடிச்சி, அது நல்லா வேற இருந்துட்டா, மாலை கழட்டினப்புறம் இன்னாத்த சொல்லி உன்ன திட்டறது?”

காப்பி சாக்லேட்

அவர் இருமுடி கட்டிக்கொண்டு மலைக்குப் போன வாரம் இரண்டு அடுப்பும் என் தலையில். எதிரே வருகிற லாரி தெரியாத பனி. பஸ்கள் தாமதம், கடையில் தள்ளுமுள்ளு. அவசரத்தில் காப்பி டிகாக்ஷனை சாக்லேட் கிளாஸில் ஊற்றிவிட்டேன். கொட்ட மனசு வராமல், பெயிண்ட் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாத் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லியே கொடுத்தேன். அவர் குடித்த அழகைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்களும் அதையே கேட்டார்கள்.

சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தத் தம்பி கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: “அக்கா, நல்லா இருக்கு. சாமி வந்தா இது போயிடுமா?”

வாணலி

சாமி வந்தார். கோயிலில் மாலையைக் கழற்றினார். மறுநாள் விடியலில் பழைய லுங்கியும் பழைய முறைப்புமாகக் கடைக்கு வந்தபோது, தோளில் ஒரு பெரிய புது வாணலி இருந்தது. சொன்ன சொல் தவறாதவர். என்றாலும் எப்போதும் போல அடுப்பைப் பற்றவைத்தேன். கடைசி நாளாக இருந்தாலும் நன்றாகக் காய்ச்சிவிட வேண்டும் என்றிருந்தது. பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு பஸ் கூட்டமே என் பக்கம் நின்றது. என் சின்னப் பாத்திரத்தில் ஒரு தடவைக்கு நாலைந்து கிளாஸ்தான் வரும். அவர் அடுப்பருகே வந்து வாயைத் திறப்பதற்குள், அவர் கையில் ஒரு சுக்கு சாக்லேட்டைத் திணித்துவிட்டேன்.

குடித்தார். ஊதி ஊதி, அடி வண்டல் வரைக்கும் குடித்தார். என் பாத்திரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு மாதம் சேர்த்துவைத்திருந்த சத்தம் மொத்தத்தையும் எடுத்துக் கத்தினார்: “இன்னாடி இது, இத்தினியூண்டு சட்டிய வெச்சிகினு ஊரையே பனியில நிக்க வெச்சிகினு கீற? அந்த வாணலிய நல்லா தேய்ச்சி கழுவி, அதுல காச்சு!”

அடுப்பு நிலைத்துவிட்டது, வெயில் காலத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜும் வேண்டும்தான், ஆனால் அடுத்த கார்த்திகை பிறக்கும்வரை அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதாக இல்லை.