வேப்பனப்பள்ளியில் மாம்பழம் ஏன் மலிவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போரிலிருந்து தப்பிக்கக் கிளம்பிய பயணம். சிரிக்காதீர்கள். எனக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். பன்னிரண்டு வருஷமாக ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் கையில் தட்டு, எதிரே செல்போன். இடிந்த கட்டடம், ஓடுகிற பிள்ளைகள், அழுகிற தாய். உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த தோசையைப் பிய்ப்பேன். நேற்று என் மனைவி கலாவுக்குப் பொறுக்கவில்லை. "அங்க குண்டு விழுகுது, நீங்க இங்க சட்னி பத்தலங்கிறீக. நாளைக்கு வண்டிய எடுங்க, எங்கிட்டாவது போயிட்டு வருவோம்" என்றாள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்று கேன்டீனில் பேச்சு. சரி என்று இன்று காலை கிளம்பிவிட்டோம்.

ஓசூரிலிருந்து ஆறரைக்குப் புறப்பட்டால் நெடுஞ்சாலையில் லாரித் தொல்லை குறைவு. சூளகிரி தாண்டி ஒரு கடையில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கு நூற்று நாற்பது ரூபாய். குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். சந்தை நாளாக இருந்தால் ஆடு மாடுகளுக்கு வழிவிட்டே பொழுது போய்விடும், ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிக்கல் இல்லை. சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பிவிடுவதால் அந்தக் காசும் மிச்சம். மொத்தம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம்.

வேப்பனப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரத் தோப்பில் பழம் குவியல் குவியலாகக் கிடந்தது. எல்லாம் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிற கிளிமூக்கு ரகம். அடியில் அழுக ஆரம்பித்து ஈ மொய்த்தது. தோப்புக்காரர் லட்சுமம்மா, ஐம்பது வயது இருக்கும், கிலோ பத்து ரூபாய் என்றார். பழக்க தோஷம், பேசிப் பேசி ஏழுக்கு இறக்கினேன். பத்து கிலோ, எழுபது ரூபாய். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏம்மா இம்புட்டு மலிவு, விளைச்சல் ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

"வெளைச்சல் எப்பவும் போலத்தான் சார். கூழு கப்பல்ல போவணும். அங்க சண்டையாம், கப்பல் போவலியாம். பேக்டரிக்காரங்க கதவ மூடிட்டாங்க. என்னா பண்றது, மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்குது."

எந்தச் சண்டை என்று கேட்கவே தேவையில்லை. நேற்று தோசையோடு பார்த்த அதே சண்டை. அதைப் பார்க்க முடியாமல் ஓடி வந்தவன், அதை வைத்தே கிலோவுக்கு மூன்று ரூபாய் அடித்துப் பேசியிருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது. ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி, மிச்சம் வேண்டாம் என்றேன். லட்சுமம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கூடை கூடையாகப் பழத்தைக் கொண்டுவந்து காருக்குள் கொட்ட ஆரம்பித்தார். ஏழு ரூபாய்க் கணக்கில் எழுபது கிலோவுக்கு மேல். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன், கேட்கவில்லை. "இரக்கப்படுறதுக்கும் ஒரு தெறம வேணும்" என்று கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

பாதியில் அவருடைய போன் அடித்தது. வீடியோவில் அவர் மகன் மஞ்சு. வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறானாம். இருவரும் தெலுங்கில் பேசினார்கள், எனக்குப் பாதிதான் புரிந்தது. போனை வைத்துவிட்டு லட்சுமம்மா கூடையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரியெல்லாம் சைரன் கூவுதாம் சார். புள்ள தூங்கியே நாலு நாளாச்சாம். ஊருக்குப் போறவங்க போலாம், ஆனா திரும்ப எடுக்க மாட்டோம்னு கம்பெனில சொல்லிட்டாங்களாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். நீ சொல்றபடி செய்றேம்மான்றான். நீங்க சொல்லுங்க சார், வரச் சொல்லட்டா, இருக்கச் சொல்லட்டா?"

"வரச் சொல்லுங்கம்மா. உசிரு இருந்தா உப்பு வித்தாவது பொழச்சுக்கலாம்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

லட்சுமம்மா பழக்குவியலைப் பார்த்தார். பிறகு என் பனியனில் அச்சடித்திருந்த ஓசூர் கம்பெனிப் பெயரைப் பார்த்தார். "வந்து என்னா சார் செய்வான்? இதுலயா பொழைக்கிறது? உங்க கம்பெனில அவனுக்கு ஒரு வேல கெடைக்குமா?"

எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, போன மாதம்தான் கான்ட்ராக்ட் ஆட்களைக் குறைத்தார்கள். "கேட்டுப் பாக்குறேம்மா" என்றேன். என் நம்பரைக் கேட்டார், கொடுத்தேன்.

திரும்பும் வழியில், கூட்ரோடு தாண்டியதும் கலா கேட்டாள். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன உங்களுக்கும்தான் துபாய் வேலைக்கு ஏஜென்ட் வந்தாரு. எங்க மாமா மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லலன்னா நீங்க இன்னிக்கு எங்க இருந்திருப்பீக?" அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமாக என் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா இல்லாதவன் சைரனுக்கடியில் லாரி ஓட்டுகிறான். எனக்கு அவன்மேல் பாவமா, என்மேல் கோபமா, தப்பித்தோமே என்ற நிம்மதியா? எல்லாம் கலந்து குழம்பிப்போய்க் கிடக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். போகவர பெட்ரோல் சுமார் எழுநூறு ரூபாய். சில்லறையாகக் கொண்டுபோங்கள், சாக்கும் வேண்டும். பழத்தை வைக்கோல் இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளில் பரப்பி வையுங்கள், மூன்று நாள் தாங்கும். பேரம் பேசாதீர்கள். கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், எனக்குத் தெரியவில்லை. நாங்கள் தெருவெல்லாம் பழத்தை விநியோகித்தோம். அவ்வளவு மலிவா என்று கேட்டு, மூன்று குடும்பங்கள் அடுத்த ஞாயிறு கிளம்புகிறார்கள். அது லட்சுமம்மாவுக்கு நல்லதா, இல்லை நாங்கள் இன்னும் நாலு பேரைப் பேரம் பேச அனுப்புகிறோமா?

இதுவரை எழுதியிருந்தபோது போன் அடித்தது. லட்சுமம்மாதான்.

"வரச் சொல்லிட்டேன் சார்." காலையில் இல்லாத தெம்பு குரலில் இருந்தது. "ரொம்ப யோசிச்சான். ஓசூர்ல ஒரு சார் இருக்காரு, பாத்துக்குவாரு, நீ வாடான்னு சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

நாளை முதல் ஷிப்டுக்கு முன்னால் மேனேஜர் அறை வாசலில் நிற்க வேண்டும். ஒரு பை மாம்பழத்தோடு போவதா, வெறுங்கையோடு போவதா என்றுகூடத் தெரியவில்லை.