வராந்தாவை அடைத்த வேலை

1. கரிக்கோடு

அன்று காலை வராந்தாவில் இருந்தவர்கள்: தலைவர். அவருக்குப் பின்னால் பியூன். ஓவர்சியர் சீனிவாசன். காண்ட்ராக்டர் மஸ்தான் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். சித்தாள் அஞ்சலை, புளியந்தோப்பு. அவள் புருசன் கன்னியப்பன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அன்றைக்கு வேலை கிடைக்காததால் படியில் உட்கார்ந்திருந்தான். கொத்தனார் நான். பெயர் தேசிங்கு. வீடு கொருக்குப்பேட்டை.

ராயபுரத்தில் கடற்கரை ரோட்டைப் பார்த்த சர்க்கார் கட்டடம் அது. கம்பெனி காலத்தில் கட்டியது. முன்னால் நீள வராந்தா. வராந்தாவுக்குப் பதினொரு உருண்டைத் தூண்கள். இரண்டு ஆள் கட்டிப் பிடித்தால்தான் கை எட்டும். மேலே மெருகு போட்ட சுண்ணாம்பு.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. தலைவர் எங்கள் பக்கத்து ஆள். ஜெயிலுக்குப் போனவர். இப்போது அந்தக் கட்டடம் அவர் கைக்கு வந்திருந்தது. தூணைக் கையால் தட்டினார்.

“இந்தத் தூணுக்குக் கீழ கும்பிட்டுக் கும்பிட்டு எங்கப்பன் முதுகே வளைஞ்சு போச்சு. இந்த மூஞ்சி இனிமே வேணாம். நேரா, தட்டையா, சிமெண்டுல ஒரு முகப்பு வேணும். மேல நின்னு பேச ஒரு பால்கனி.”

ஓவர்சியர் சொன்னார்: “தூணை எடுத்தா மாடி நிக்காது சார்.”

“எடுக்க வேணாம்யா. மறைச்சிடு.”

“மறைக்கலாம் சார்.”

தலைவர் கரித்துண்டு கேட்டு வாங்கினார். குனிந்து, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குத் தரையில் தானே கோடு இழுத்தார். “இதான் சுவரு. உள்ள ரூம் போட்டுக்கலாம்.”

அஞ்சலை சாந்துச் சட்டியை இறக்கி வைத்தாள். “நைனா, இத்த அடச்சிட்டா எங்காளுங்க காலைல எங்க நிக்கிறது?”

“வாய மூடும்மே,” என்றார் மஸ்தான் பாய்.

தலைவர் சிரித்தார். “கேக்கட்டும் பாய். ஏம்மா, இனிமே எதுக்கு நிக்கணும்? ஆளுக்கு ஒரு கார்டு வரப்போவுது. கார்டக் காட்டுனா வேலை.”

“எப்ப நைனா வரும்?”

“வரும்.”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நம்பித்தான் சொன்னார்.

2. தூண் முறை

இதை இப்போது இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வராந்தாவில்தான் துறைமுகத்துக்கு ஆள் எடுப்பார்கள். விடிகிற நேரத்தில் கூலிக்காரர்கள் வந்து நிற்பார்கள். ஒரு கேங்குக்கு ஒரு தூண். “நீ எந்தக் கேங்கு?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். “எந்தத் தூணு?” என்றுதான் கேட்பார்கள்.

கப்பல் மேஸ்திரி வருவார். இன்று முதல் தூணில் ஆரம்பித்தால் நாளைக்கு இரண்டாவது தூணில் ஆரம்பிப்பார். எத்தனை கப்பல் நிற்கிறதோ அத்தனை கேங்கு போகும். மிச்சம் வீட்டுக்கு. கடைசித் தூணும் ஒருநாள் முதல் தூண் ஆகும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தூண் இருந்தது, முறையும் இருந்தது.

தெற்குக் கோடியில் இருந்த கடைசித் தூண் புளியந்தோப்பு ஆட்களுடையது. கன்னியப்பன் அந்தக் கேங்குக்குத் தலை. மற்றவர்கள் அவர்களைப் பக்கத்தில் நிற்க விட மாட்டார்கள். தூணுக்குத் தூண் இடம் விட்டு நின்றதால் அங்கே சண்டை வரவில்லை.

3. கொத்து

வேலை ஆரம்பித்தோம். பழைய சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் சிமெண்ட் பிடிக்காது. உளியால் கொத்துப் போட வேண்டும். உளி வழுக்கியது. ஒரு நாளைக்கு இரண்டு உளி மழுங்கியது.

“அய்யே, இது சுண்ணாம்பா, இரும்பா?” என்றார் பாய். “எனக்கு வர்ற லாபம் பூரா உளி சாணை புடிக்கவே பூடும்போலக் கீதே.”

கொத்தினேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவே செங்கல் வைத்தேன். தூணின் வயிறு எவ்வளவு முன்னால் வருகிறதோ அவ்வளவுக்குச் சுவரைக் கொண்டு வந்தேன். வெளியே இருந்து பார்த்தால் ஒரே தட்டை. தூண் எது, செங்கல் எது என்று தெரியாது. நல்ல வேலைதான். ஓவர்சியரும் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வராந்தா அடைபட்ட மறுநாளே ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். கப்பல் மேஸ்திரி வந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. முன்னால் இருந்தவனைக் கூப்பிட்டார். அடுத்த நாள் எல்லாரும் முன்னால் வந்தார்கள். முட்டினார்கள். பலம் உள்ளவன் போனான்.

நான் சாரத்தில் இருந்து பார்த்தேன். கன்னியப்பன் ஆட்களோடு முன்னால் வர முயற்சி பண்ணினான். ஒருத்தன் திரும்பி அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினான்.

“தோ பாரு, மேல ஒரசாத. அந்தாண்ட போய் நில்லு.”

“எந்தாண்ட? அதான் தூணே இல்லியே.”

“தூணு போனா ஒனுக்கு ஜகாவும் போச்சு. போ, போ.”

கூட்டம் சிரித்தது. கன்னியப்பன் கையை ஓங்கினான். அவன் ஆட்களே பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அடித்தால் போலீஸ் யாரைப் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தக் கேங்குக்கு வேலை இல்லை. தினமும் விடியும்போது வருவார்கள். கூட்டம் கலைந்ததும் எங்கள் மணல்மேட்டில் உட்கார்ந்து இருந்துவிட்டுப் போவார்கள். அஞ்சலை கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் மத்தியானம் சாப்பிடுவதை நிறுத்தினாள். கேட்டதற்கு “பசி இல்ல கொத்தனாரே” என்றாள்.

ஒருநாள் கன்னியப்பனே என்னிடம் வந்தான். “கொத்தனாரே, ஒரே ஒரு தூண ஒட்ச்சி உட்டுடேன். எங்க தூண மட்டும்.”

“முடியாதுபா.”

“தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்.” பீடி கேட்டான். கொடுத்தேன்.

4. ஈரம்

பூச்சு முடிந்தது. பூச்சு காயாமல் இருக்கத் தண்ணி ஊற்ற வேண்டும். க்யூரிங் என்போம். அந்த வேலை அஞ்சலைக்கு. சாயங்காலம் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை. கார்ப்பரேஷன் குழாயில் டின்னில் பிடித்து வந்து சுவரில் அடிப்பாள்.

முதல் நாள் விடியலில் அவள்தான் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். “கொத்தனாரே, இங்க வா. சொவத்தப் பாரு.”

பார்த்தேன். புதுச் செங்கல் தண்ணியைக் குடித்துவிட்டது. அந்த இடம் வெளுத்திருந்தது. பழைய சுண்ணாம்பு தண்ணி குடிக்காது. அதனால் அதன் மேல் இருந்த பூச்சு மட்டும் ஈரமாகவே இருந்தது. தூண் இருந்த இடமெல்லாம் கறுப்பாக, மேலே இருந்து கீழே வரை ஒரு பட்டை.

நேராகக் கடைசிப் பட்டைக்குப் போய் அதன் முன்னால் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். கன்னியப்பனும் ஆட்களும் வந்தார்கள். அங்கே நின்றார்கள். மற்ற கேங்குகளும் வந்தன. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பெரியவர் ஒருத்தர், “அட, நம்ம தூணுடா இது” என்று போய் ஒரு பட்டையில் முதுகு சாய்த்தார். சட்டை நனைந்தது. அப்புறம் எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். முட்டினால் ஒருநாள் வேலை கிடைக்கும், ஒருநாள் மண்டை உடையும். அவர்களுக்கும் அது அலுத்துப் போயிருந்தது.

கப்பல் மேஸ்திரி வந்தார். பழையபடி ஆரம்பித்தார். மறுநாள் அடுத்த பட்டையில். முறை திரும்பி வந்தது. கன்னியப்பன் கேங்கு கப்பலுக்குப் போனது. அஞ்சலை மத்தியானம் சாப்பிட்டாள்.

க்யூரிங் நாள் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. பாய் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மே இது? வேல முடிஞ்சும் தண்ணி ஊத்திகினே கீற. எங்கூட்டு கல்யாணத்துக்கு வாசல் தெளிக்கிறியா?”

“கூலி வாணாம் பாய். தண்ணி மட்டும் ஊத்திக்கிறேன்.”

“கூலி வாணாமா? அப்ப இதுல இன்னாவோ கீது.”

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் தாடியைத் தடவினார். “எம் மச்சான் பையன் கூட மூணாவது தூணுலதான் நிக்கிறான். வேல கெட்ச்சிடுச்சின்னு நேத்து சொன்னான். செரி, ஊத்து. கலர் அடிக்க ஆள் வந்தா மட்டும் என்னிய இதுல இஸ்து உடாத.”

கலர் அடிக்க ஆள் வந்தான். ஈரச் சுவரில் கலர் நிற்காது என்று திரும்பிப் போனான். இரண்டு தடவை இப்படி ஆனது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். சேதி தலைவருக்குப் போனது.

5. தலைவர் வந்த காலை

அவர் சொல்லாமல் வந்தார். வெளுக்கிற நேரம். கல்மண்டபம் திருப்பத்தில் காரை நிறுத்திவிட்டு, ஓவர்சியரோடு நடந்து வந்தார். ஆட்கள் பட்டைக்கு ஒரு கேங்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் சிலர் கும்பிட்டார்கள். யாரும் இடத்தை விட்டு நகரவில்லை.

கப்பல் மேஸ்திரி அவரைக் கவனிக்கவில்லை. நேராகத் தெற்குக் கோடிக்குப் போனார். “இன்னிக்கு இங்க ஆரம்பம். கன்னியப்பா, கூப்டுகினு வா.” கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். கேங்கு நடந்தது. யாரும் தள்ளவில்லை. அடுத்தது வடக்குக் கோடி, முதல் தூண் கேங்கு.

தலைவர் எல்லாம் முடிகிற வரை பார்த்தார். பிறகு கேட்டார்.

“தண்ணி ஊத்துறது யாரு?”

“நாந்தான் நைனா,” என்றாள் அஞ்சலை. டின் கையில் இருந்தது.

“நிறுத்தச் சொன்னாங்களா இல்லியா?”

“சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் ஊத்தற?”

“கார்டு வர்ற வரிக்கும் ஊத்தலாம்னு.”

ஓவர்சியர் இடையில் வந்தார். “கலர் அடிச்சா ஒண்ணும் தெரியாது சார். ரெண்டு நாள் காயவிட்டாப் போதும்.”

“இந்த ஈரக் கோடு இல்லாதப்ப மொதல்ல யாரு போனாங்க?” தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“முட்டறவங்க,” என்றேன்.

“அப்ப நீங்களும் முட்ட வேண்டியதுதானே?” என்று அஞ்சலையைக் கேட்டார்.

“எங்காளுங்க மேல ஒரசக்கூடாதுன்றாங்க நைனா. ஒரசாம எப்பிடி முட்டறது?”

அங்கே மிச்சம் நின்ற ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். தலைவர் சுவரை ஒட்டி வடக்கிலிருந்து தெற்குவரை நடந்தார். திரும்பி வந்தார்.

“ஓவர்சியர். ஈரம் தெரியற எடத்துலல்லாம் ஒரு இஞ்சு மேடா பட்டை இழு.”

“டிசைன்ல இல்ல சார்.”

“இப்ப இருக்கு.”

ஓவர்சியர் தயங்கினார். “பத்து பட்டை போடலாம் சார். தெற்குக் கோடியில முடியாது. திறப்பு விழாக் கல்லு அங்கதான் வருது. உங்க பேரு போட்ட கல்லு. ரோட்டுல வர்றவங்க கண்ணுல முதல்ல படற எடம்.”

தலைவர் அந்த இடத்தைப் பார்த்தார். கேங்கு கப்பலுக்குப் போய்விட்டது. சுவர் காய ஆரம்பித்திருந்தது. அஞ்சலை அவருக்கு முன்னாலேயே ஒரு டின் தண்ணியை அதன்மேல் அடித்தாள். அவர் வேட்டியில் தெறித்தது. ஓவர்சியர் பதறினார்.

தலைவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “கல்ல வேற எங்கியாவது வையிங்க,” என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

கல்லை உள்ளே மாடிப்படிக்குக் கீழே பதித்தோம். எங்கே வைத்தோம் என்று அவர் கேட்கவில்லை.

6. தெரிந்துகொண்டது

முகப்பு அவர் கேட்ட மாதிரி தட்டையாகத்தான் இருந்தது, பட்டை தவிர. பால்கனியில் நின்று பேசினார். பின்னால் வந்த காண்ட்ராக்டர்கள் பட்டையைப் புது மாடல் என்று நினைத்து வேறு கட்டடங்களிலும் போட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

வராந்தாவின் நிழல் திரும்பி வரவில்லை. ஆட்கள் வெயிலில் நின்றார்கள், மழையில் நின்றார்கள். அதற்குத் தலைவரிடமும் வழி இல்லை, என்னிடமும் இல்லை. கார்டு ரொம்ப நாள் கழித்து வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய கட்டடத்தில் கை வைக்கச் சொன்னால், முதலில் விடியற்காலை ஒரு தபா போய் அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார். பிளானில் அவர்கள் இருக்க மாட்டார்கள். பெரிய ஆள் சொன்னாலும் சரி, பார்த்துவிட்டுக் கரண்டியை எடு.

பட்டை எல்லாம் நானே இழுத்தேன். பதினொன்று.