பெரியப்பாவின் மூன்றாவது ஜெயில்

வெள்ளைக்காரன் எங்கள் பெரியப்பாவை இரண்டு தரம் ஜெயிலில் போட்டான் என்பது கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கே பெருமை. சுதந்திரம் வந்த பிறகு மூன்றாம் தரமும் போட்டார்கள் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அந்த மூன்றாம் தரத்தை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

பெரியப்பா வாரப் பத்திரிகை நடத்தினார். நாலே பக்கம். வீட்டின் முன்கட்டில் காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷின், அதை ஒட்டி ஈய எழுத்துப் பெட்டிகள். அவர் முதல் தரம் உள்ளே போனபோது அச்சுக் கோக்கிற ஆள் பயந்து ஓடிவிட, பெரியம்மாவே உட்கார்ந்து கற்றுக்கொண்டு பத்திரிகையை நிற்காமல் கொண்டுவந்தாள். அதுமுதல் அவர் எழுதுவார், அவள் கோப்பாள். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் எழுத்தைத் தொடமாட்டாள். "இது நெசந்தானா? யாரு பார்த்தாங்க?" என்று கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். ஜெயிலுக்கு அஞ்சாத பெரியப்பா அந்தக் கேள்விக்கு அஞ்சுவார்.

பிள்ளையில்லாத அந்த வீட்டில்தான் நான் பாதி நாள் வளர்ந்தேன். என் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அண்ணனுடைய பத்திரிகை வெளிவருகிற நாளில் அவர் ஆபீசில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

ஒரு சுதந்திர தினத்துக்குச் சில நாள் முன்பு, கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். சின்ன வயசு. மலையில் கடுக்காயும் புளியும் குத்தகை எடுத்திருந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல வந்திருந்தாள். ஊரில் அவரைக் காண்ட்ராக்டர் என்பார்கள். மேலே போக அப்போது ரோடு இல்லை. காண்ட்ராக்டர் நடக்க மாட்டார். மூங்கில் கழியில் நாற்காலியைக் கட்டி டோலி செய்து, நாலு மலைக்காரர்கள் அவரைத் தோளில் சுமந்து ஏற வேண்டும். கூலி கிடையாது. மாட்டேன் என்றால் அடி. அந்த முறை அவள் புருஷன் காய்ச்சலோடு தோள் கொடுத்து, மழையில் வழுக்கிய பாறையில் விழுந்தான். காண்ட்ராக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஆளைத் தோள் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர் மேலே போய்விட்டார்.

"கெடந்தாரு சாமி. அவங்க வேலைய முடிச்சு எறங்கி வர்றப்பகூட அங்கதான் கெடந்தாரு. அப்ப உசுரு இல்ல" என்றாள். அழவில்லை.

பெரியம்மா தன் கேள்வியைக் கேட்டாள். "யாரு பார்த்தாங்க?"

"கூடத் தூக்கினவங்க மூணு பேரும் பார்த்தாங்க."

அதற்கு மேல் பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காமல், ஒவ்வொரு தாளாக வாங்கி வாங்கிக் கோத்தாள். 'மனிதன் மேல் மனிதன் ஏறிப் போகிறான்' என்று தலைப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தபோதெல்லாம் பந்தல் போட்டு மாலை போட்டவர் இந்தக் காண்ட்ராக்டர்தான். இப்போது கதர் கட்டிக்கொண்டு, சுதந்திர தின விழாக் கமிட்டிக்குத் தலைவராக இருந்தார். அந்த விழாவில் பொன்னாடை போர்த்தப்படப்போகிற தியாகி எங்கள் பெரியப்பா. சேதி எப்படியோ கசிந்து, காண்ட்ராக்டரே வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, விழா நல்லபடியா நடக்கட்டுங்க. அந்தச் சேதிய அடுத்த வாரம் போட்டுக்கினா இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஒரு தரம் மலைக்கு நடந்து போய்ட்டு வாங்க. அப்பறம் பேசுவோம்."

பள்ளிக்கூட மைதானத்தில் விழா. நான் புதுப் பாவாடை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவின் தியாகத்தைக் காண்ட்ராக்டர் நெடுநேரம் புகழ்ந்தார். பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வந்தபோது பெரியப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டு மைக்குக்கு முன்னால் போனார். புதுப் பத்திரிகையை விரித்துத் தலைப்பைப் படித்தார். செத்தவன் பேரைச் சொன்னார். சுமக்க வைத்தவர் இதோ நிற்கிறார் என்றார். அதற்குள் மைக் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. தொண்டை கிழியக் கிழிய, கடைசி வரி வரைக்கும் படித்தார். யாரும் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நிற்கவில்லை. என் அப்பா கூட்டத்தில் எங்கேயோ இருந்தார், பிறகு இல்லை.

பொது அமைதியைக் கெடுத்தார் என்று அன்றைக்கே கைது செய்தார்கள். வந்த ஏட்டு வயதானவர். வெள்ளைக்காரன் காலத்திலும் அவர்தான் பெரியப்பாவை இட்டுப் போனவர். நானும் ஒட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். தெருவில் போகும்போது ஏட்டு பெரியப்பாவிடம் மெல்லச் சொன்னார்: "அப்ப உங்கள இட்டுக்கினு போனப்ப தெருவே மாலையோட கூட வந்துச்சுங்க. இன்னிக்கி ஒரு கதவுகூடத் தொறக்கலீங்களே."

"மாலைக்கா வந்தேன்? நட" என்றார் பெரியப்பா. அவர் அப்படிப் பல்லைக் கடித்துப் பேசி நான் கேட்டதில்லை.

நாலைந்து நாள் கழித்து அப்பா பின்வாசல் வழியாக வந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம்.

"அண்ணி, ரெண்டு வரிதான். நீங்க சொன்னா அண்ணன் கேப்பாரு. எனக்கும் உத்தியோகம் இருக்குதுல்ல?"

பெரியம்மா எழுத்துப் பெட்டியை விட்டு எழுந்தாள். "வெள்ளக்காரனும் இதையேதான் கேட்டான். அப்ப, 'எழுதிக் குடுக்காதீங்க அண்ணி, நம்ம மானம் போயிடும்'னு இதே வூட்டுல நின்னு சொன்னது யாரு தம்பி?"

அப்பா பின்வாசல் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கி மானம். இன்னிக்கி உத்தியோகம். போ. அவரு எழுதிக் குடுத்தாருன்னா அந்தக் காயிதத்தையும் நானே கோத்து மொதப் பக்கத்துல போடுவேன்னு போய்ச் சொல்லு."

அந்த வாரப் பத்திரிகையும் வந்தது. காலில் வீக்கத்தோடு பெரியம்மாவே மெஷினை மிதித்தாள். வாங்கிப் போட ஏஜெண்டுகள் இல்லை. சங்கராபுரத்துக்கும் சின்னசேலத்துக்கும் போன கட்டுகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. விளம்பரம் கொடுத்த கடைக்காரர்கள் கண்ணில் படவில்லை. மலையில் மட்டும் ஒன்று நடந்தது. அந்த மூன்று பேரும் இனித் தோள் கொடுக்க மாட்டோம் என்று சொல்ல, மற்றவர்களும் மறுத்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. ஆனால் செத்தவனுக்காக ஒரு விசாரணையும் நடக்கவில்லை. காண்ட்ராக்டர் கடைசிவரைக்கும் விழாக்களில் கொடியேற்றினார். அவர் கொடிக்கயிற்றை இழுத்தபோதெல்லாம் கீழே நின்று நாங்கள் கை தட்டியிருக்கிறோம்.

மன்னிப்பு எழுதாமல், தண்டனையை முடித்துக்கொண்டு பெரியப்பா திரும்பி வந்தது ஒரு மத்தியானம். ஆள் பாதியாகியிருந்தார். பெரியம்மா சோறு போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"வராம? தெருவே வந்துச்சு. தெனமும் யாராவது வந்து விசாரிச்சுக்கினுதான் இருந்தாங்க" என்றாள் பெரியம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல பெரியப்பா, யாருமே வரல. அப்பா மட்டும்தான் பின்வாசல்ல வந்தாரு" என்றேன்.

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பிடியா? வந்தாங்களா? சரி, சரி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

நெசமில்லாத ஒரு வரியைக்கூடக் கோக்க மாட்டேன் என்றவள், அவரிடம் போய் எதற்காகப் பொய் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. அதைவிட, ஊர் முன்னால் தொண்டை கிழிய உண்மையைக் கத்தியவர், அந்தப் பொய்யை மட்டும் ஏன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதும்.