ஆள் இல்லாத அறையின் ஈரம்

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு தத்துவ அறிஞர் வாழ்ந்த பங்களா இருக்கிறது. அவர் வெள்ளைக்காரர். ஆள் இல்லாத அறை என்பது என்ன, யாரும் பார்க்காதபோது அது எப்படி இருக்கும் என்று எழுதியே உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புத்தகத்தை இந்தப் பங்களாவில்தான் எழுதினார். அதனால் அவர் இறந்த பிறகும் கட்டில், மேசை, மூக்குக்கண்ணாடி, சப்பாத்து எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்து ஒரு சபை பராமரித்து வருகிறது. மழை இல்லாத மாதங்களில் வெளிநாட்டவர்கள் வந்து பார்ப்பார்கள். தோட்டத்து மக்களுக்கு அவர் "எழுதுன தொரை".

கட்டடங்களில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். தத்துவ அறிஞருடைய படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருப்பதை யாரோ படம் எடுத்துச் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், சரிசெய்ய முடியாது என்றால் சாமான்களைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டிவிடுகிறோம் என்றார் சபையின் செயலாளர். பூட்டினால் அங்கே இருக்கும் காவல்காரருக்கு வேலையும் இல்லை, இருக்க இடமும் இல்லை. அதையும் அவரே சொன்னார், ஒரு தகவலைச் சொல்வதைப் போல.

திரீவீலர்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

"அங்கயா மிஸ்? செத்தும் வீட்டக் காலி பண்ணாத தொரைய பாக்கவா?"

"சுவரைப் பாக்கப் போறேண்ணே."

"சுவரப் பாருங்க. சுவருன்னா பேசாது."

கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் வர மாட்டாராம். "சாயங்காலம் வந்து ஹார்ன் அடிப்பேன். நீங்க வரலன்னா ரெண்டாவது தடவயும் அடிப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் போயிருவேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

காவல்காரருக்கு முப்பது வயது இருக்கும். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வணக்கத்துக்கு முன்பே கேட்டார்:

"பூட்டிருவாங்களா மிஸ்?"

"பாத்துட்டுச் சொல்றேண்ணே."

"மழ முடியற வரைக்குமாச்சும் விட்டா போதுங்க."

கூடத்தில் தத்துவ அறிஞரின் பெரிய படம் மாட்டியிருந்தது. அதற்கு ஒரு பூமாலை, கீழே ஒரு குத்துவிளக்கு. கடவுள் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவர் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் சிரிப்பு வந்தது. காவல்காரர் அதைப் புரிந்துகொண்டார். "சாமி இல்லன்னு சொன்னவராம். அது அவரு பாடு. செத்தவரு படத்த மாட்டி வச்சிட்டு வெளக்கு வைக்காம நம்மளால இருக்க முடியுங்களா?"

ஆனால் விளக்கில் எண்ணெய் இல்லை. திரி கருகிக் காய்ந்திருந்தது. மாலைப் பூக்கள் பழுப்பாகி, ஒன்றிரண்டு தரையில் உதிர்ந்து கிடந்தன. மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததால், அதைச் சரிசெய்யச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இப்ப நான் தொடக்கூடாதுங்க. கொஞ்ச நாளைக்கு."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நானும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் வளர்ந்தவள். தீட்டு இருக்கும்போது விளக்கைத் தொட மாட்டார்கள். கீழ்ச் சரிவிலிருந்த லயங்கள் மண் சரியும் இடம் என்று அறிவிக்கப்பட்டு, சனங்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றியிருந்தது எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

"யாருண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கண் ஒரு தடவை படுக்கையறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. "விடுங்க மிஸ்" என்றார்.

அதன் பிறகு இழவு வீட்டுக்குள் நடப்பதைப் போலவே அந்த வீட்டில் நடந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். சப்பாத்தை வாசலிலேயே விட்டிருந்தேன். காலுறை வழியே தரையின் குளிர் ஏறியது.

என் வழக்கம், வாசலில் தொடங்கி இடது கைப்பக்கமாக ஒவ்வோர் அறையாகப் பார்ப்பது. கூடம்: குளிர், ஈரம் குறைவு. சாப்பாட்டறை: கூரை ஒழுக்கு, தரையில் தண்ணீர். எழுதும் அறை: கடுங்குளிர், சுவர் சுமார். நாற்காலி மேசைக்கு உள்ளே தள்ளியிருந்தது. மூடிய பேனா ஒரு வெள்ளைத்தாளின் குறுக்கே கிடந்தது. இப்படிப் பூட்டிக் கிடக்கும் மலைநாட்டு வீடுகள் உள்ளே வெளியைவிடக் குளிராக இருக்கும். அதுதான் இயல்பு.

படுக்கையறை வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன அறையின் வெதுவெதுப்பு அது. கட்டிலில் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விரிக்கப்பட்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் தத்துவ அறிஞரின் சப்பாத்துகள் வாசலைப் பார்த்தபடி இருந்தன. ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தேன். உள்பக்கம் முழுவதும் நீர் கோத்திருந்தது. விரல் பட்ட இடத்திலிருந்து ஒரு கோடு இறங்கியது. மற்ற அறைகளில் கண்ணாடி உலர்ந்திருந்தது. ஆள் இல்லாத அறையின் கண்ணாடி உள்ளே வேர்க்காது. உள்ளே ஏதாவது மூச்சு விட வேண்டும்.

மூலையில் இருந்த ஆளுயரக் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"இத யாருண்ணே திருப்பினது?"

"நான்தாங்க." அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றார். "அதுல மொகம் பாக்கக் கூடாதுங்க."

"யாரு பாக்கக் கூடாது?"

தொப்பியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

என் வேலை கைக்குப் பழகியது. அதனால் மனம் என்ன செய்தாலும் கை ஈரமானியைச் சுவரில் வைத்துக்கொண்டே போனது. பின்சுவர் நனைந்த பஞ்சு மாதிரி. ஜன்னல் பக்கத்துச் சுவரில் பூஞ்சணம், படத்தில் பார்த்ததேதான். கணப்பு இருக்கும் பக்கத்துச் சுவர் மட்டும் நன்றாக உலர்ந்திருந்தது. அந்த வீட்டிலேயே ஆக உலர்ந்த சுவர் அதுதான். குனிந்து கணப்புச் சாம்பலின் மேல் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடு இருந்தது.

அங்கே குனிந்தபோதுதான் அந்த வாசனை. முதலில் சாம்பிராணி. இழவு வீட்டுக்கு அது பொருந்தும். அதற்குக் கீழே இன்னொன்று, கருகலும் கசப்புமாக. எங்கள் வீட்டில் அந்தப் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "பேர் சொல்லாதது" என்பார்கள். வசம்பு. விளக்கில் சுட்டு, உரைத்து, நாக்கில் துளி தடவி, மீதியைக் காலிலும் நெற்றியிலும் இடுவார்கள். என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது எங்கள் வீடே அந்த மணமாக இருந்தது. செத்தவர்களுக்கு யாரும் வசம்பு சுடுவதில்லை.

விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில், பெருவிரல் அளவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டின் கறுப்பு மை ஒட்டியிருந்தது. தீட்டு சாவுக்கு மட்டுமா வருகிறது? கைக்குழந்தைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது என்று என் அம்மா அக்காவைத் திட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணே," என்றேன், "என்ன புள்ள?"

"பொண்ணுங்க" என்றார். முகம் தன்னை மீறி ஒரு கணம் மலர்ந்து, உடனே பயத்தில் சுருங்கியது.

பின்கட்டுச் சமையலறையிலிருந்து மனைவியைக் கூட்டி வந்தார். என்னைவிட இளையவள். கம்பளிக்குள் குழந்தையை மூக்கு மட்டும் தெரியும்படி சுற்றி வைத்திருந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்தது, இன்னும் முப்பதாம் நாள் தீட்டுக் கழியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவர்களுடைய லயத்துக்குள் யாரையும் போக விடவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே தரையில் தண்ணீர் ஊறுகிறது.

"பச்ச ஒடம்புக்காரிய அந்தத் தரையில எப்படிங்க படுக்க வைக்கிறது?" என்றார் காவல்காரர். "நான் படுக்கிற சாமான் ரூமும் ஒழுகுது. பொக ஒழுங்கா மேல போற சிம்னி இந்த ஒண்ணுதான். தொரை சாமான் ஒண்ணத்தயும் நாங்க தொடலங்க. கட்டில் மட்டுந்தான்."

அவள் என் கையிலிருந்த ஈரமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போய் வீட்டைச் சுற்றினேன். பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓடும் கான் இருந்த இடத்தில் கான் இல்லை. மேட்டிலிருந்து சரிந்த மண் அதை நிரப்பி, சுவரில் இடுப்பளவுக்கு ஏறி நின்றது. சுவர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஜன்னல் பக்கத்துப் பூஞ்சணத்துக்குக் காரணம் வேறு: இரண்டு பேர் மூச்சு, கணப்பின் முன்னால் உலர்த்தும் குழந்தைத் துணிகள், கொதிக்கும் வெந்நீர், திறக்காத ஜன்னல். ஆனால் அந்த நெருப்பு மட்டும் இல்லையென்றால் பின்சுவர் எப்போதோ கட்டில் வரைக்கும் அறையை நனைத்திருக்கும். வீட்டைப் பூட்டினால் இந்த மழையிலேயே அறை போய்விடும்.

செயலாளருக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். காவல்காரர் தள்ளி நிற்பதாகப் பாவனை பண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கானை வெட்டி மண்ணை எடுக்க வேண்டும், ஜன்னலைப் பகலில் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், அறையில் தினமும் நெருப்பு எரிய வேண்டும், அதற்கு உள்ளே ஆட்கள் தங்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன்.

இப்போது யாராவது தங்குகிறார்களா என்று அவர் கேட்டார். நேரான கேள்வி.

"ஆமாம். காவல்காரரின் மனைவியும் கைக்குழந்தையும்."

காவல்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலிலா என்று செயலாளர் கேட்டார். ஆமாம் என்றேன். கட்டிலுக்குப் பூஞ்சணம் வந்திருக்கிறதா என்றார். இல்லை, அந்த வீட்டில் கெடாமல் இருப்பது அந்தக் கட்டில்தான் என்றேன். அது உண்மை. அவர் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். மழைக்காலம் முடியும் வரை இருக்கட்டும், வீட்டைப் பூட்டவில்லை, நெருப்பு மட்டும் அணையக் கூடாது என்றார்.

காவல்காரருக்குச் சொன்னேன். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பவே கான வெட்டுறேன் மிஸ்" என்று மண்வெட்டியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப பூட்ட மாட்டாங்களா மிஸ்?"

"பூட்ட மாட்டாங்க. நீங்க பயப்படாம இருக்கலாம்."

"நீங்க பூட்டச் சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

ஏன் என்று கேட்டேன்.

"பொழுது எறங்குனா அந்த எழுதுற ரூம்ல நாக்காலி இழுபடுதுங்க. ஒரு தடவ இல்ல. இழுக்கும், நிக்கும், திரும்ப இழுக்கும். இவருகிட்ட சொன்னா, 'தொரை எழுதத்தான செய்றாரு, அடிக்கவா வர்றாரு'ங்கிறாரு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். படுக்கையறையில் நெருப்பு எரியும்போது சுவரும் பலகையும் சூடேறி விரியும், அந்தப் பக்கம் குளிரில் சுருங்கும், பழைய மரம் அப்படித்தான் சத்தம் போடும். அவள் பொறுமையாகக் கேட்டாள். படித்தவள் போலத் தலையாட்டினாள்.

"சத்தம் ஏன் வருதுன்னு நான் கேக்கலங்க மிஸ். புள்ள அழுதா அது ஏன் நிக்கிது?"

கேட்டில் ஹார்ன் அடித்தது. பின்பக்கத்திலிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பனிமூட்டம் கீழேயிருந்து ஏறித் தேயிலையை மறைத்துவிட்டிருந்தது.

"அந்த மண்டபத்துக்குப் போனா தண்ணியில புள்ள செத்துரும். எனக்குத் தெரியும்" என்றாள். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கூட இருக்கீங்களா?"

ஹார்ன் இரண்டாவது தடவை அடித்தது. கேட்டுக்கு இறங்கிப் போனேன்.

"நாளைக்குக் காலைல வாங்கண்ணே. சுவரு காயுதான்னு பாக்கணும்."

திரீவீலர்காரர் என்னையும் பங்களாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு தடவ அடிச்சேன். நாளைக்கு யாரும் என்னயக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவள் விறகு போட்டு நெருப்பை எழுப்பினாள். நான் கட்டிலில் உட்காராமல் கணப்பின் முன்னால் பாயில் உட்கார்ந்தேன். வெளியே இன்னும் சாம்பல் வெளிச்சம் இருந்தது. இங்கே வரும் வழியில் எழுதும் அறையை எட்டிப் பார்த்திருந்தேன். நாற்காலி காலையில் இருந்த மாதிரியே மேசைக்குள் இருந்தது. அதையும் அவளிடம் சொன்னேன். சரிங்க என்றாள்.

கொஞ்ச நேரம் விறகு வெடிப்பது மட்டும் கேட்டது. பிறகு சுவருக்கு அப்பால் மரம் தரையில் இழுபடும் சத்தம், சின்னதாக, நிதானமாக. நின்றது. மறுபடி இழுபட்டது. நான் சொன்ன விளக்கத்துக்கு அது சரியாகவே பொருந்தியது. இன்னும் கேட்டால், எப்போது வரும் என்று நான் எதிர்பார்த்த நேரத்தில்தான் வந்தது.

குழந்தை மூக்கைச் சுருக்கிச் சிணுங்கியது. அவள் பால் கொடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்து அழத் தொடங்கியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்த அழுகை அறை முழுவதும் நிறைந்தது. நாங்கள் இருவரும் அதைக் கேட்கவில்லை. எங்கள் காது சுவருக்கு அப்பால் இருந்தது. அங்கே எதுவும் அசையவில்லை.

அவள் குழந்தையை மார்பில் சேர்த்தாள். அழுகை தேம்பலாகி அடங்கியது.

"இப்ப கேளுங்க மிஸ்" என்றாள்.