கச்சானுக்கு ஜெர்மன் சொல்

சுவிட்சர்லாந்தின் துன் நகருக்கு நாங்கள் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தம்பி வயிற்றில் இருந்தபோதே அப்பா முன்னால் வந்து, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மாவும் நானும் மூன்று வயதுத் தம்பியும் பின்னால் வந்தவர்கள். எனக்கு ஒன்பது வயது. அப்பா வேலைக்குப் போனால் வீட்டில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் இன்னும் சின்னப் பிள்ளைகளோடு இருந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தம்பிக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, ஆகாது. கொழும்பில் ஒருமுறை ஒரேயொரு பருப்பைத் தின்று, முகம் வீங்கி, அவனுக்கு மூச்சு இழுக்க, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அதனால் அப்பா ஒரு துண்டுக் கடதாசியில் ‘எர்ட்நுஸ்’ என்று ஜெர்மன் எழுத்தில் எழுதித் தந்திருந்தார். எதை வாங்கினாலும் அதில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு லீவு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போகவே பிந்திவிட்டது. மறுநாள் ஞாயிறு, எல்லாக் கடையும் பூட்டு. மூடப்போகிறோம் என்று ஒலிபெருக்கி சொல்லத் தொடங்கியபோது, ட்ரொலியில் இருந்த தம்பி ஒரு பிஸ்கட் பெட்டியைக் காட்டிக் கத்தினான். அம்மா அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“வடிவாப் பார் பிள்ளை, இதிலை கச்சான் கிடக்கோ?”

பெட்டியின் பின்புறம் மூன்று மொழிகளில் பொடி எழுத்து. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் என்னவோ சொன்னார். வழி விடச் சொன்னாரா, உதவி வேண்டுமா என்று கேட்டாரா, இன்றுவரை தெரியாது. சுவிஸ் ஜெர்மன் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் சுட்டது. நான் வாசிக்கவில்லை. வாசிப்பதுபோல் உதட்டை மட்டும் அசைத்தேன்.

“இல்லையம்மா.”

பஸ் தரிப்பிடத்தில் தம்பி அழுதான். அம்மா பெட்டியைக் கிழித்து ஒரு பிஸ்கட்டை அவன் கையில் கொடுத்தார். பெட்டியை வாங்கி, விரலை வைத்து முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டினேன். கடைசி வரியில் அந்தச் சொல் இருந்தது. அப்பா எழுதியதைவிடச் சற்று நீளம், ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் வேறு. ஆனாலும் அதுதான்.

தம்பியின் கையைத் தட்டிவிட்டேன். ஒரு மூலை ஏற்கனவே வாய்க்குள் போயிருந்தது. அம்மா கீழே கிடந்த பிஸ்கட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்தார். பிறகு அவனை மடியில் இருத்தி, உதட்டை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தார்.

“அம்புலன்ஸுக்கு என்னண்டு சொல்லுறது எண்டு யோசிச்சு வை.”

யோசித்தேன். மூச்சு, வீக்கம், கெதியாக வாருங்கள். ஒன்றுக்கும் என்னிடம் ஜெர்மன் இல்லை. எங்கள் பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. தம்பி அழுது களைத்துக் கொட்டாவி விட்டான். உதடு அப்படியேதான் இருந்தது. மூன்றாவது பஸ் வந்தபோதுதான் அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“கடையிலை வாசிச்சனியோ?”

“ஓம். சின்ன எழுத்தம்மா, தெரியேல்லை.”

“சரி,” என்றார்.

அன்றிரவு அம்மா, அவசரத்தில் என்னைக் கேட்க மறந்துபோய்த் தானே எடுத்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னார். அப்பா அம்மாவை ஏசினார். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை அம்மா, தம்பியையும் இழுத்துக்கொண்டு, ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். கடையில் எதையும் என்னிடம் நீட்டுவதில்லை. ஒரு பெட்டிக்குக் கால்மணி நேரம், விரல் வைத்து, பின்னால் ஆட்கள் நின்றால் நிற்கட்டும் என்று வாசிப்பார்.

“தாங்கோ, நான் பாக்கிறன்.”

“நீ போய்த் தக்காளி நிறுத்துக்கொண்டு வா.”

தராசில் தக்காளிப் படத்தை அழுத்தினால் விலைச்சீட்டு வரும். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. பொய்யைக் கண்டுபிடித்து என் வேலையைப் பறித்துவிட்டார் என்றே நினைத்தேன். தம்பியின் உயிரை என் கையில் கொடுத்து வைத்ததற்காக அம்மா தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. தக்காளியை நிறுத்து, சீட்டைக் கோணலாக ஒட்டி, கோபத்தோடு ட்ரொலியில் போட்டேன்.