விண்கப்பலில் இல்லாத பெண்

அந்த நாவல்களின் அட்டையில் என் பெயர் கிடையாது. டிவியில் வந்துகொண்டிருந்த விண்வெளித் தொடரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே பதிப்பகத்தார் வைத்த ஒரு புனைபெயர். அந்த ஒரு பெயருக்குள் என்னோடு இன்னும் இரண்டு பேர் ஒண்டுக்குடித்தனம் நடத்தினார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கோபப்பட்டேன். யாரிடம் படுவது என்று தெரியாமல் அடுத்த மாத நாவலை எழுத உட்கார்ந்தேன்.

பகலில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் எனக்கு ரைட்டர் வேலை. ரைட்டர் என்றால் ஆள் வருகை எழுதுவது, பழம் எடை போடுவதைப் பார்ப்பது, மழை அளவு குறிப்பது. வீடு திரும்பியதும் விண்வெளி. மெட்ராஸ் பதிப்பகத்திலிருந்து தபாலில் ஒரு பக்கம் ஆங்கிலக் கதைச்சுருக்கம் வரும். அதை நான் நூறு பக்கமாக்க வேண்டும். ஒரு பிடி மாவில் ஊருக்கே களி கிண்டுகிற வேலை. கூடவே சட்டதிட்டங்கள் வேறு. கப்பல் ஆட்களில் ஒருவரும் சாகக் கூடாது, கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, மனம்கூட மாறக் கூடாது. எங்கே போய் எப்படி மாட்டிக்கொண்டாலும் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

எனக்கு அந்தக் கப்பல் மேல் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். பிஸ்கட் டின், பற்பசை மூடி, உடைந்த டார்ச்சின் கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு கப்பல் செய்து மேசைமேல் வைத்திருந்தேன். கேப்டன் அறையிலிருந்து இன்ஜின் அறைக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் சந்தேகம் வந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அதில் சமையலறையே இல்லை என்று முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. "இத்தனை பேரு எங்கீங்க சாப்புடுவாங்க?" என்று கேட்டாள். டில்லியில் தொடர் எடுத்தவர்கள் யாரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. என் நாவல்களில் மட்டும் கப்பலுக்கு ஒரு சமையலறை வந்தது.

இவ்வளவு பைத்தியம் பிடித்தவன் அந்தத் தொடரை ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். எங்கள் வீடு சரிவுக்குக் கீழே இருந்தது. அங்கே என்ன ஆன்டெனா வைத்தாலும் படம் எடுக்காது. கடைவீதியில் ஜவுளிக்கடை பாய் வீட்டில் டிவி உண்டு. ஆனால் அது உள்கூடத்தில் இருந்தது, அங்கே தெருப் பெண்கள்தான் உட்காருவார்கள். ஆம்பளைகள் கடையோடு சரி. பாய் எனக்காக டிவியை வெளியே தூக்கி வைக்கக்கூடத் தயாராக இருந்தார். பாய் வீட்டு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கு இருக்கறது அந்த ஒரு மணி நேரமுங்க. அதையும் கடைக்குக் குடுத்துட்டு நாங்க செவுத்தையா பாக்கறது?" என்று உள்ளிருந்தே கேட்டுவிட்டார். நியாயம்தான். ஆகவே என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள், நான் எழுதுவேன்.

தொடர் இந்தியில் வந்தது. அவளுக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. பாதியில் கரண்ட் போய்விடும். ஆனாலும் ஒரு நாளாவது அவள் கதையைக் குறையாக விட்டதில்லை. அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, மாவு பிசைந்த கையாலேயே கேப்டன் எப்படிக் குதித்தார் என்று காட்டுவாள். ஒரு நாள் சந்தேகப்பட்டு, "இதெல்லாம் டிவியில வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்திருக்குமுங்க. வராம எப்படிக் கதை முடியும்?" என்றாள். அந்தச் சாயங்காலங்களுக்காக இன்றைக்கும் நான் ஏங்குகிறேன். அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதற்காக அவ்வளவு வருத்தமில்லை.

மூடுபனி இறங்கிய ஒரு வாரம் அவள் வேகமாக வீட்டுக்கு வந்தாள். தலைக்குப் போட்டிருந்த முந்தானை நனைந்திருந்தது. "இன்னைக்குக் கப்பல்ல ஒரு பொம்பளைங்க. வெள்ளைச் சீல கட்டிட்டு, செவுத்துக்குள்ளாற இருந்து வந்து நின்னாங்க. வாயே தெறக்கல. அழுதாங்க. கேப்டன் அவங்க ஒடம்புக்குள்ளாறயே நடந்து போறாரு, ஏன் அழுகறீங்கன்னு ஒருத்தரும் கேக்கலைங்க." கதைச்சுருக்கத்தில் அப்படி யாருமில்லை. மெட்ராஸ்காரர்கள் வழக்கம்போல விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அந்தப் பெண் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். நான் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் எழுதினேன். எங்கோ தன் வீட்டைத் தொலைத்துவிட்ட பெண், கப்பலில் எல்லோருக்கும் தானாகத் திறக்கும் கதவுகள் அவளுக்கு மட்டும் திறப்பதில்லை. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் எதையும் எழுதவில்லை.

புத்தகம் வெளிவந்த பிறகு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. 'யார் சார் இந்தப் பெண்? தொடரில் அப்படி ஒருவரே கிடையாது.' பாய் வீட்டு டிவியை ரிப்பேர் பார்க்கச் சேலத்திலிருந்து வந்த மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் சிரித்தார். "பனி நேரத்துல இலங்கை ஸ்டேஷன் வந்து இது மேல ஏறிக்குமுங்க. சத்தம் நம்ம ஸ்டேஷனுது, படம் மட்டும் ரெண்டும் கலந்து வரும். மலை மேல இது சகஜமுங்க." அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாடகத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணை நாங்கள் இருவரும் சேர்ந்து விண்கப்பலில் ஏற்றிவிட்டோம்.

இதைச் சொன்னால் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அவங்க எதுக்கு அழுதாங்கன்னு நமக்குத் தெரியாமயே போயிருமாங்க?" என்றாள்.

அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் வாழவந்தி என்ற ஊர்க்காரி. மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் ஆரஞ்சும் போட்டவர்கள் வீட்டுப் பெண். நான் கீழ்நாட்டுக்காரன், வேறு சாதி. விடியற்காலை பஸ்ஸில் சேலத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது என்று அவள் அப்பா சொல்லி அனுப்பினார். அவர் இறந்தபோது காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சேதி வந்தது. அம்மா மட்டும் அண்ணன் குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். அவர் வா என்றும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. வாழவந்தி பஸ் தினமும் எங்கள் கடைவீதியில்தான் நின்று புறப்படும். அது புறப்படும் நேரத்தில் என் மனைவி கடைக்குப் போகவே மாட்டாள்.

மெட்ராஸ்காரர்களின் அடுத்த கடிதத்தில் தேனும் இருந்தது, தேளும் இருந்தது. வாசகர்களுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் டில்லியில் தொடர்க்காரர்கள் ஆட்சேபம் தெரிவித்துவிட்டார்களாம். அடுத்த நாவலில் அவள் பேச்சே வரக் கூடாது, எங்கே போனாள் என்றுகூடச் சொல்ல வேண்டாம். நான் சரி என்று இருந்திருப்பேன். மனைவிதான் விடவில்லை.

"அவங்கள ஊட்டுல சேர்த்தி உட்டுருங்க. நடுவழியில உட்டா நொம்பப் பாவமுங்க."

ஒரே ஒரு அத்தியாயம் எழுதினேன். கப்பல் ஒரு சின்னக் கிரகத்தைக் கடக்கும்போது அந்தப் பெண் இறங்கிக்கொள்கிறாள். சரிவில் ஒரு வீடு, சாத்திய கதவு. இதைப் படித்துக் காட்டியபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கதவை யார் திறக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா திறக்கிறாள் என்றேன். "ஒடனே தெறந்துட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அப்படியே எழுதி அனுப்பினேன்.

புத்தகம் தபாலில் வந்த அன்று அவள்தான் கட்டைப் பிரித்தாள். நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள், மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். "இல்லைங்களே," என்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தபாலாபீசுக்குப் போய் ட்ரங்க் கால் போட்டு, என் அத்தியாயம் எங்கே என்று கத்தினேன். அந்தப் பக்கம் பதிப்பாசிரியர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "சார், இது டிவி கதை சார். உங்க வீட்டுக் கதை இல்ல." ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் எதுவும் தெரியாமல் சொன்னதுதான்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், நான் எஸ்டேட்டுக்குக் கிளம்பும்போது அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள். "நான் வாழவந்தி போயிட்டு வர்றேனுங்க," என்றாள். கூட வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். அன்று எடை போட்டதில் எனக்குக் கவனமே இல்லை. ஒரே மூட்டையை இரண்டு முறை எழுதிவிட்டு ஒன்றைக் கோடு போட்டு அடித்தேன்.

வேலை முடிந்து கடைவீதிக்கு வந்தபோது வாழவந்தி பஸ் கண்டக்டர் டீக்கடையில் நின்றிருந்தார். "ஏனுங்க ரைட்டர், உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? வாழவந்திக்கு டிக்கெட் வாங்குனாங்க. நானும் ரெண்டு தடவை சத்தம் போட்டேன், எறங்கவே இல்லை. வாழவந்தி தாண்டி கடைசி ஸ்டாப்பு குப்பனூர் வரைக்கும் வந்து, வண்டிக்குள்ளாறயே உக்காந்திருந்துட்டு, இதே பஸ்ஸுல திரும்பிட்டாங்க. வரும்போதும் வாழவந்தியில எறங்கல." ஒன்றுமில்லை, மறந்திருப்பாள் என்று சொல்லிச் சமாளித்தேன். டீ சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அவள் சோறு வடித்து முடித்திருந்தாள். முகம் கழுவி, பூ வைத்திருந்தாள். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம், குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம். "நொம்ப எளச்சுட்டயே சாமின்னு தடவித் தடவிப் பாத்தாங்க. அண்ணி களி போட்டு, கீரை கடைஞ்சு வெச்சாங்க. முன்னால நின்ன ஆரஞ்சு மரம் பட்டுப் போச்சுங்க, அந்த எடத்துல காபி வெச்சிருக்காங்க. அண்ணன் பேசல, ஆனா எந்திரிச்சும் போகல." கையில் மாவு இல்லாவிட்டாலும், கைகள் அப்படியே எல்லாவற்றையும் காட்டின. அம்மா வாசல் வரை வந்து நின்றது, பஸ் சத்தம் கேட்டதும் இவளை அவசரப்படுத்தியது.

அவள் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை என்று தெரிந்தும், ஒவ்வொன்றும் நடந்திருக்க வேண்டும் என்று அவளைவிட நான் ஆசைப்பட்டேன். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்றுதான் அதைக் கேட்டேன்.

"மறுபடி எப்ப வர்றேன்னு கேட்டாங்களா?"

அவள் கைகள் நின்றுவிட்டன. அந்த இடத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

"இல்லைங்க," என்றாள். "அதை மட்டும் கேக்கலைங்க."