விமானியின் முகத்தை வரையாத அண்ணன்

எங்கள் வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் சுவரில் இருந்த போர் விமானப் படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், தங்கை நான் இந்த நினைவு மலரில் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

உடையார்பாளையத்தில், முந்திரிக் காட்டில் கூலி வேலை பார்த்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார் அண்ணன். அப்பா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். குடும்பத்தைத் தாங்க விமானப்படையில் சேர்ந்தார். விமானியை இருக்கையில் அமர்த்தி, பட்டைகளை மாட்டி, கீழே இறங்கிக் கைகாட்டி அனுப்புவது அவர் பணி. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் அவர் அப்படி அனுப்பிய ஒரு விமானம் திரும்பவில்லை. விமானியின் உடலும் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், ஜெயங்கொண்டத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வாக்கில் ஆகாயச் சண்டைகளை வரையத் தொடங்கினார். எரியும் இறக்கை, கரும்புகை, துரத்தி வரும் எதிரி விமானம் என எல்லாம் தத்ரூபமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஒரு விமானிக்கு மட்டும் ஹெல்மெட்டுக்குள் முகம் இருக்காது. அந்த இடத்தில் வண்ணம் படாத வெறும் அட்டை தெரியும். என் பிள்ளைகள் அந்த அறைக்குள் போகவே மாட்டார்கள். ஒரு முறை அண்ணனிடம் காரணத்தைக் கேட்டே விட்டேன்.

"முகம் போட்டா விழுந்துருவாரும்மா. இப்ப பறந்துகிட்டுதான் இருக்காரு," என்றார், சாதாரணமாக.

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, திருச்சியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். போரில் திரும்பாத அந்த விமானியின் மனைவி. அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லித் தேடி வந்திருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. முகமில்லாத ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் காரணம் கேட்டார். என்னிடம் சொன்னதையே அண்ணன் அவரிடமும் சொன்னார்.

"எத்தனை வருசம்தாங்க மேலயே சுத்துவாரு? முகத்தைப் போட்டுடுங்க. இறங்கட்டும்," என்றார்.

அண்ணன் மறுக்கவில்லை. அவர் அந்த முகத்தை வரைந்த நாட்களில் வீடெங்கும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை. வடித்த சோற்றிலும் அடித்தது. விமான எரிபொருள் அப்படித்தான் வாடை அடிக்கும் என்று அண்ணன் சொன்னார்.

படத்தை வாங்கிப்போக வந்த அம்மையார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வயதில் போனவரின் முகம் அதில் நரைத்து, கன்னம் ஒட்டிக் கிழடு தட்டியிருந்தது. இளமையாக வரையக் கூடாதா என்று நான் கடிந்துகொண்டேன். இளமையாகத்தான் ஆரம்பித்ததாகவும், வரைய வரைய இப்படித்தான் வந்ததாகவும் அண்ணன் சொன்னார்.

அந்த அம்மையார் கண்ணாடிச் சட்டத்தைத் தடவியபடி, "ரொம்பக் களைச்சுப் போயிட்டாருங்க," என்றார். அந்த ஆண்டுதான் கணவருக்கு முதல் திதி கொடுத்தார்.

அண்ணன் அதன்பின் விமானம் எதையும் வரையவில்லை. நிம்மதியாகத் தூங்கினார். சில மாதங்களில் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை.

அவரை அரியலூர் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் சுமந்து அலைந்த அக்கம்பக்கத்தாருக்கும், வரதராஜன்பேட்டை நண்பர்களுக்கும், அந்தப் படத்தை இம்மலரின் அட்டைக்குத் தந்த அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அட்டையில் இருக்கும் முதியவர் அண்ணன்தானே என்று அச்சகத்தில் கேட்டார்கள். இல்லை. அவர், அண்ணன் வழியனுப்பி வைத்தவர்.